மஞ்சள் பட்டை வந்தால் அனுமதி கொடுக்கலாமா?

கணக்கும் கம்ப்யூட்டரும் – வாசகர் கேள்விகள்

''எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். உறுப்பினர் பெயர், கொண்டுவந்த மூட்டை, எடை, விலை, வங்கிக் கணக்கு எண் எல்லாம் ஒரே எக்செல் ஃபைலில் இருக்கின்றன. பட்டனை அழுத்தினால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ரசீது வரும்படி ஆடிட்டர் அலுவலகத்தில் அமைத்துக் கொடுத்தார்கள். அந்த ஃபைலின் பிரதியைத் திறக்கும்போதெல்லாம் மேலே மஞ்சள் பட்டையில் எச்சரிக்கை வருகிறது. கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் தம்பி, 'செட்டிங்கில் கடைசி வரியைத் தேர்வு செய்துவிட்டால் இனிமேல் வரவே வராது' என்கிறார். செய்யலாமா?''

– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

செய்ய வேண்டாம். அந்தக் கடைசி வரியைத் தேர்வு செய்தால் ரசீது ஃபைலுக்கு மட்டும் அனுமதி கிடைக்காது. அந்தக் கம்ப்யூட்டரில் இனிமேல் திறக்கப்போகும் ஃபைல்களுக்கெல்லாம் சேர்த்து இன்றே அனுமதி கொடுத்ததாகிவிடும். ரசீது ஃபைலுக்கு மட்டும் மஞ்சள் பட்டை வராமல் செய்ய வேறு வழி இருக்கிறது. அதற்கு முன், பட்டை எதற்காக வருகிறது என்று தெரிந்துகொண்டால், எப்போது அனுமதிக்கலாம், எப்போது கூடாது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

மேக்ரோ என்ன செய்யும்?

எக்செல் ஃபைலைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிவது கட்டங்களும் எண்களும்தான். சில ஃபைல்களில் அவற்றுக்குப் பின்னால் ஒரு வேலைப்பட்டியலும் இருக்கும். 'முதல் வரியில் உள்ள பெயரை எடு, எடையை விலையால் பெருக்கு, ரசீதில் எழுது, அச்சடி, அடுத்த வரிக்குப் போ' என்பது போன்ற கட்டளைகள் அதில் இருக்கும். இதைத்தான் மேக்ரோ என்கிறார்கள். 1993-ல் வந்த எக்செல் 5-ம் பதிப்பிலிருந்து, வி.பி.ஏ என்ற மொழியில் இந்தக் கட்டளைகளை எழுதுகிறார்கள். கையால் எழுதினால் நாள் முழுக்க ஆகும் ரசீது வேலை, மேக்ரோவால் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

பிரச்னை என்னவென்றால், மேக்ரோவின் கை அந்த ஒரு ஃபைலோடு நிற்காது. கம்ப்யூட்டரில் உள்ள மற்ற ஃபைல்களைத் திறக்கவும், அழிக்கவும், இணையத்திலிருந்து வேறொரு புரோகிராமை இறக்கி ஓடவிடவும், உங்கள் பெயரில் மின்னஞ்சல் அனுப்பவும் அதனால் முடியும். களத்தில் நெல் தூற்ற வந்த ஆளிடம் வீட்டுச் சாவிக்கொத்தையும் கொடுப்பது போன்றது இது. தெரிந்த ஆள் என்றால் பயமில்லை. யாரென்றே தெரியாத ஆளிடம் கொடுப்போமா?

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. எக்செல் ஃபைல் மூலம் பரவிய முதல் மேக்ரோ வைரஸ் 'லாரூ' 1996-லேயே வந்துவிட்டது. 1999 மார்ச்சில் 'மெலிசா' என்ற மேக்ரோ வைரஸ் வேர்டு ஃபைலில் வந்தது. திறந்தவரின் முகவரிப் பட்டியலில் உள்ள முதல் 50 பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. தெரிந்தவர் பெயரில் வந்ததால்தான் அத்தனை பேரும் நம்பித் திறந்தார்கள். பிற்பாடு 'எமோடெட்' என்ற கும்பலின் புரோகிராம், பில், பணம் செலுத்திய ரசீது என்ற பெயரில் வேர்டு, எக்செல் ஃபைல்களாக உலகம் முழுக்கப் போனது. பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து 2021 ஜனவரியில் அதை முடக்கின. அதே ஆண்டு நவம்பரில் மறுபடியும் தலைகாட்டியது.

மஞ்சள் பட்டை கேட்பது என்ன?

மஞ்சள் பட்டை வந்தால் ஃபைலில் வைரஸ் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஃபைல் பழுதாகிவிட்டது என்றும் அர்த்தமில்லை. 'இதற்குள் ஒரு மேக்ரோ இருக்கிறது. நிறுத்தி வைத்திருக்கிறேன். ஓடவிடலாமா?' என்று எக்செல் உங்களைக் கேட்கிறது. மேக்ரோ நல்லதா கெட்டதா என்று அதற்குத் தெரியாது. அந்த ஃபைல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர் நீங்கள்தான் என்பதால் பதிலையும் உங்களிடமே கேட்கிறது.

பட்டையின் ஓரத்தில் உள்ள 'எனேபிள் கன்டென்ட்' பட்டனை அழுத்துவதற்கு முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

1. இந்த ஃபைலை உருவாக்கியது யார் என்று தெரியுமா? அனுப்பியவரைத் தெரிந்தால் மட்டும் போதாது. அவருக்கும் வேறு யாராவது அனுப்பியிருக்கலாம்.

2. இது நீங்கள் கேட்டு வாங்கியதா, கேட்காமல் வந்ததா?

3. இதில் மேக்ரோவுக்கு வேலை இருக்கிறதா? ரசீது தயாரிக்கும் ஃபைலுக்குத் தேவை. வெறும் பெயர்ப் பட்டியலுக்கும் விலைப் பட்டியலுக்கும் தேவையே இல்லை.

4. அனுமதிக்கச் சொல்லி ஃபைலே வற்புறுத்துகிறதா? 'பட்டியலைப் பார்க்க மேலே உள்ள பட்டனை அழுத்தவும்' என்று ஃபைலுக்குள் படம் போட்டு அம்புக்குறி காட்டியிருந்தால் உடனே மூடிவிடுங்கள். ஏமாற்றுபவர்கள் பல ஆண்டுகளாகச் செய்துவரும் தந்திரம் இது.

நான்கில் ஒன்றில் சந்தேகம் வந்தாலும் அனுமதிக்க வேண்டாம். அனுப்பியவருக்குப் போன் செய்து, 'நீங்கள் அனுப்பியதுதானா, இதில் மேக்ரோ இருக்கிறதா' என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

இன்னொரு விஷயம். ஒரு ஃபைலுக்கு ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால், எக்செல் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். அதே இடத்திலிருந்து அதே ஃபைலை மறுபடி திறக்கும்போது கேட்காது. ஒவ்வொரு மாதமும் புதுப் பிரதி எடுத்துப் பெயர் மாற்றி வைத்தாலோ வேறு போல்டருக்கு மாற்றினாலோ மறுபடியும் கேட்கும். வாசகிக்குத் திரும்பத் திரும்ப பட்டை வருவதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

ரசீது ஃபைலுக்கு மட்டும் வழி

டி டிரைவிலோ வேறு வசதியான இடத்திலோ 'ரசீது' என்று ஒரு தனி போல்டர் உருவாக்குங்கள். ஆடிட்டர் அலுவலகத்தில் கொடுத்த ஃபைலை மட்டும் அதில் வையுங்கள். பிறகு எக்செல்லில் 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'ட்ரஸ்ட் சென்டர்', 'ட்ரஸ்ட் சென்டர் செட்டிங்ஸ்' என்று வரிசையாகப் போங்கள். இடப்பக்கம் 'ட்ரஸ்டட் லொகேஷன்ஸ்' என்று இருக்கும். அதில் 'ஆட் நியூ லொகேஷன்' பட்டனை அழுத்தி, அந்த 'ரசீது' போல்டரைக் காட்டி ஓகே கொடுங்கள். இனி அந்த போல்டரில் உள்ள ஃபைல்கள் பட்டை இல்லாமலேயே திறக்கும். மற்ற இடங்களில் உள்ளவற்றுக்கு எச்சரிக்கை வழக்கம்போல வரும்.

இதில் கவனம் தேவை. 'டவுன்லோட்ஸ்' போல்டரையோ, முழு டிரைவையோ நம்பகமான இடமாகச் சேர்க்கக் கூடாது. அப்படிச் செய்தால் இணையத்திலிருந்து இறங்கும் ஃபைல்களுக்கும் கேள்வி கேட்காமல் கதவு திறந்துவிடும். 'ரசீது' போல்டரில் வேறு யாரும் வேறு ஃபைலைப் போடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழுதுபார்க்கும் தம்பி சொன்ன வரி, அதே ட்ரஸ்ட் சென்டரில் 'மேக்ரோ செட்டிங்ஸ்' பகுதியில் இருக்கிறது. அங்கே நான்கு வரிகள் உண்டு. முதலாவது, எதுவும் சொல்லாமல் மேக்ரோவை நிறுத்திவிடும். இரண்டாவது, நிறுத்திவிட்டு மஞ்சள் பட்டையில் தெரிவிக்கும். மூன்றாவது, டிஜிட்டல் கையெழுத்து உள்ளவற்றைத் தவிர மற்றவற்றை நிறுத்தும். நான்காவது, எல்லாவற்றையும் ஓடவிடும். 'பரிந்துரைக்கப்படவில்லை, ஆபத்தான புரோகிராம் ஓடக்கூடும்' என்று அந்த வரியிலேயே ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. எக்செல்லை நிறுவும்போது இருப்பது இரண்டாவது வரி. அதிலேயே இருக்கட்டும். யாராவது ஏற்கெனவே மாற்றியிருந்தால் இன்றே திருப்பி வையுங்கள்.

டிஜிட்டல் கையெழுத்து என்பது சான்று விதைப் பையில் இருக்கும் நீல அட்டை போன்றது. மேக்ரோவை எழுதியது யார், எழுதிய பிறகு யாராவது மாற்றினார்களா என்பதை அது காட்டும். அட்டை இருந்தாலும், கொடுத்தவர் நம்பகமானவரா என்று பார்ப்பது உங்கள் பொறுப்புதான்.

''வருமான வரித்துறை இணையதளத்திலிருந்து எக்செல் படிவத்தை இறக்கினேன். மஞ்சள் பட்டைக்குப் பதிலாகச் சிவப்புப் பட்டை வருகிறது. அனுமதிக்கும் பட்டனே இல்லை. படிவத்தில் எந்த பட்டனும் வேலை செய்யவில்லை. அரசாங்க ஃபைலுக்குமா தடை?''

– ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்

அரசாங்க ஃபைல் என்பதற்காக வந்த தடை இல்லை. இணையத்திலிருந்து இறங்கும் ஃபைல்மீது விண்டோஸ் ஒரு முத்திரை குத்திவிடும். முத்திரை உள்ள ஃபைலில் மேக்ரோ இருந்தால், புதிய பதிப்புகளில் எக்செல் கேட்காமலேயே தடுத்துவிடும். மஞ்சள் பட்டையைப் பார்த்ததும் பலரும் படிக்காமலேயே பட்டனை அழுத்திவிடுகிறார்கள் என்பதால், 2022-ல் மைக்ரோசாஃப்ட் இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஜூலையில் சில வாரங்கள் நிறுத்தி வைத்து, அதே மாத இறுதியில் மறுபடி தொடங்கியது.

வருமான வரிக்கான எக்செல் படிவமும், ஜி.எஸ்.டி ஆண்டுக் கணக்கைத் தயாரிக்கும் எக்செல் கருவியும் மேக்ரோ இல்லாமல் வேலை செய்யாது. அவற்றை அனுமதிக்கத்தான் வேண்டும். ஆனால், அந்த ஃபைல் எங்கிருந்து இறங்கியது என்பது முக்கியம். தேடுபொறியில் முதலில் வந்த ஏதோ ஒரு தளத்திலிருந்தோ, குழுவில் யாரோ பகிர்ந்த லிங்க்கிலிருந்தோ இறக்கியிருந்தால் அழித்துவிடுங்கள். வருமான வரித்துறையின் தள முகவரி 'இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்' என்று முடிய வேண்டும். முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய் இறக்குங்கள்.

அப்படி இறக்கிய ஃபைலுக்கு முத்திரையை நீக்குவது எளிது. எக்செல்லை மூடிவிடுங்கள். அந்த ஃபைல்மீது வலது பட்டனை அழுத்தி 'ப்ராபர்ட்டீஸ்' போங்கள். 'ஜெனரல்' பகுதியின் அடியில், ஃபைல் வேறு கம்ப்யூட்டரிலிருந்து வந்தது என்ற குறிப்பும் 'அன்பிளாக்' என்ற கட்டமும் இருக்கும். கட்டத்தில் டிக் செய்து ஓகே கொடுங்கள். ஜிப் ஃபைலாக இறங்கியிருந்தால், ஜிப்புக்கு முதலில் இப்படிச் செய்துவிட்டுப் பிறகு பிரித்தெடுங்கள். அடுத்து ஃபைலைத் திறக்கும்போது வழக்கமான மஞ்சள் பட்டை வரும். அங்கே அனுமதி கொடுக்கலாம்.

''குழுவில் 'மானியப் பயனாளிகள் பட்டியல்' என்று ஒரு எக்செல் ஃபைல் வந்தது. பக்கத்து ஊர்க்காரர் பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்தார். சிவப்புப் பட்டை எதுவும் வரவில்லை. அப்படியானால் நல்ல ஃபைல்தானே?''

– ஒரு வாசகர், கடலூர் மாவட்டம்

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே சொன்ன முத்திரை எல்லா வழியிலும் கூடவே வராது. பெரும்பாலான பென்டிரைவ்கள் பயன்படுத்தும் சேமிப்பு முறையில் அந்த முத்திரைக்கு இடமே இல்லை. ஒருவர் இணையத்திலிருந்து இறக்கி, பென்டிரைவில் போட்டு உங்களிடம் தந்தால், வழியிலேயே முத்திரை உதிர்ந்துவிடும். உங்கள் கம்ப்யூட்டர் அதை உள்ளூர் ஃபைல் என்றே நினைக்கும். சிவப்புப் பட்டை வந்தால் எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளுங்கள். வராததை நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பயனாளிகள் பட்டியல் என்பது பெயரும் எண்ணும் மட்டுமே. அதற்கு மேக்ரோ தேவையில்லை. அப்படிப்பட்ட ஃபைல் அனுமதி கேட்டாலே சந்தேகப்பட வேண்டும்.

ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளைப் பார்க்கும் பழக்கமும் நல்லது. 'எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ்' என்று முடிந்தால் அதற்குள் மேக்ரோ இருக்க முடியாது. 'எக்ஸ்.எல்.எஸ்.எம்', 'எக்ஸ்.எல்.எஸ்.பி', பழைய 'எக்ஸ்.எல்.எஸ்' ஆகியவற்றில் இருக்கலாம். விண்டோஸ் பெரும்பாலும் இந்த எழுத்துகளை மறைத்து வைக்கும். போல்டரைத் திறந்து 'வியூ' பகுதியில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்தால் தெரியும். 'பட்டியல்' என்ற பெயருக்குப் பின்னால் கடைசியில் 'இ.எக்ஸ்.இ' என்று முடிந்தால், அது எக்செல் ஃபைலே இல்லை, நேரடியாக ஓடும் புரோகிராம். தொடவே வேண்டாம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும் என்றால், கூகுள் ஷீட்ஸில் திறந்து பார்க்கலாம். வி.பி.ஏ மேக்ரோ அதில் ஓடாது, எண்களும் பெயர்களும் மட்டும் தெரியும். செல்போனில் உள்ள எக்செல் செயலியிலும் அப்படித்தான். ஆனால், ஃபைலுக்குள் ஏதாவது லிங்க் இருந்தால் அதை எங்கேயும் அழுத்தாதீர்கள்.

''எங்கள் பால் சங்கத்தில் லிப்ரே ஆபீஸ் பயன்படுத்துகிறோம். அதில் மேக்ரோ ஃபைலைத் திறந்தால் 'முடக்கப்பட்டது' என்று மட்டும் வருகிறது. கேட்பதுகூட இல்லை.''

– ஒரு வாசகர், நாமக்கல் மாவட்டம்

லிப்ரே ஆபீஸில் பாதுகாப்பு நிலை 'ஹை' என்று அமைக்கப்பட்டே வரும். அந்த நிலையில், நம்பகமானவர் என்று நீங்கள் சேர்த்தவர்கள் கையெழுத்திட்ட மேக்ரோவும், நம்பகமான இடத்தில் உள்ள ஃபைலின் மேக்ரோவும்தான் ஓடும். 'டூல்ஸ்', 'ஆப்ஷன்ஸ்', 'லிப்ரே ஆபீஸ்', 'செக்யூரிட்டி', 'மேக்ரோ செக்யூரிட்டி' என்று போனால் நான்கு நிலைகள் தெரியும். 'மீடியம்' என்று வைத்தால் ஒவ்வொரு முறையும் உங்களைக் கேட்கும். இதைவிட நல்ல வழி, 'ஹை' நிலையிலேயே விட்டுவிட்டு, பக்கத்தில் உள்ள 'ட்ரஸ்டட் சோர்சஸ்' பகுதியில் சங்கத்தின் கணக்கு போல்டரை மட்டும் சேர்ப்பது. 'லோ' நிலைக்குப் போகவே கூடாது. எக்செல்லில் எழுதிய சில மேக்ரோக்கள் லிப்ரே ஆபீஸில் சரியாக ஓடாது. புதிதாக வந்த ஃபைல் என்றால் தொகைகளை ஒருமுறை கையால் கூட்டிப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

''தெரியாமல் அனுமதி கொடுத்துவிட்டேன். கறுப்பாக ஒரு சிறிய கட்டம் வந்து மறைந்தது. இப்போது என்ன செய்வது?''

– ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதற வேண்டாம், ஆனால் தாமதிக்கவும் வேண்டாம். முதலில் கம்ப்யூட்டரை இணையத்திலிருந்து துண்டியுங்கள். வைஃபையை நிறுத்துங்கள் அல்லது கேபிளைக் கழற்றுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். வேறொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ இருந்து மின்னஞ்சல், வங்கிக் கணக்கு கடவுச்சொற்களை மாற்றுங்கள். வங்கிக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.

கணக்கின் பிரதி வைத்திருக்கும் பென்டிரைவையோ ஹார்டு டிஸ்க்கையோ அந்தக் கம்ப்யூட்டரில் செருகாதீர்கள். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வகை வைரஸாக இருந்தால் பிரதியையும் பூட்டிவிடும். பிறகு 'விண்டோஸ் செக்யூரிட்டி' பகுதியில் 'ஃபுல் ஸ்கேன்' ஓடவிடுங்கள். அது முடிந்ததும் 'ஆஃப்லைன் ஸ்கேன்' ஒன்றும் செய்யுங்கள். ஏதாவது பிடிபட்டால் கம்ப்யூட்டரைத் தெரிந்தவரிடம் கொடுத்து, விண்டோஸை முழுவதும் அழித்துப் புதிதாக நிறுவச் சொல்வதே நல்லது. ட்ரஸ்ட் சென்டரில் 'ட்ரஸ்டட் டாக்குமென்ட்ஸ்' பகுதிக்குப் போய் 'கிளியர்' கொடுத்தால், எக்செல் நினைவில் வைத்திருக்கும் பழைய அனுமதிகள் நீங்கிவிடும்.

பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். மத்திய உள்துறையின் சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் கைமாறுவதைத் தடுக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. 'நம்மைத் திட்டுவார்களே' என்று நிறுவனத் தலைவரிடம் மறைப்பதால் நஷ்டம்தான் பெருகும்.

கணக்கு எழுதுபவர் கையில்தான்

ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரில் தவறு நடந்தால் பாதிப்பு அந்த வீட்டோடு போகலாம். உழவர் நிறுவனம், பால் சங்கம், மகளிர் குழு ஆகியவற்றின் கம்ப்யூட்டரில் இருப்பது ஊரார் எல்லோருடைய கணக்கு. பட்டுவாடா பட்டியலில் ஒரு வங்கிக் கணக்கு எண் மாறினாலும், ஒரு விவசாயியின் விளைச்சல் பணம் வேறு யாருக்கோ போய்விடும். தலைமுறையாகச் சேர்த்த நம்பிக்கை ஒரே நாளில் போய்விடும்.

ஆகவே, கணக்கு எழுதுபவர்கள் மூன்று பழக்கங்களை வைத்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை கணக்கு ஃபைலை வெளி ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிட்டு, டிஸ்க்கைக் கழற்றித் தனியாக வையுங்கள். மேக்ரோ தேவைப்படும் ஃபைல்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். அந்தத் தாளில் இல்லாத ஃபைல் அனுமதி கேட்டால் வேண்டாம் என்று மூடிவிடலாம். பணம் அனுப்புவதற்கு முன் பட்டுவாடா பட்டியலை, கையால் எழுதிய உறுப்பினர் பதிவேட்டோடு இன்னொருவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

மஞ்சள் பட்டை தினமும் வந்தால் சலிப்பாகத்தான் இருக்கும். உங்கள் ஃபைலுக்கு ஒரு தனி போல்டர் அமைத்துவிட்டால் அது அடிக்கடி வராது. பிறகு எப்போதாவது வந்தால், அறிமுகமில்லாத ஏதோ ஒன்று வாசலில் நிற்கிறது என்று புரிந்துகொண்டு, நிதானமாக விசாரித்துவிட்டு முடிவு செய்யலாம்.